விளக்கு வைத்தபின் உப்பு

மலாய்க்காரர்கள் உப்பைக் 'காராம்' என்பார்கள். கல்யாணமாகிக் கப்பலேறி மலாக்காவின் காஜா பெராங்குக்கு வந்த புதிதில் எனக்கு அது தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, காராம் இருக்கிறதா என்று கேட்டாள். காரம் கேட்கிறாளாக்கும் என்று ஒரு கை மிளகாய் வற்றலை அள்ளிக்கொண்டு போய் நீட்டினேன். அவர்கள் மலாக்காச் செட்டிக் குடும்பம். கோயிலுக்குப் போவார்கள், திருநீறு பூசுவார்கள், வாயைத் திறந்தால் மலாய்தான். மிளகாயைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பில் என் மாமியார் வெளியே வந்துவிட்டார்.

மாமி சிரிக்கவில்லை. அவள் கேட்டது உப்பு என்று எனக்குச் சொல்லிவிட்டு, காலையில் வந்து வாங்கிக்கொள்ளும்படி மலாயில் அவளைத் திருப்பி அனுப்பினார். முன்கூடத்தில் விளக்கு ஏற்றியிருந்தது. விளக்கு வைத்தபின் உப்பு வீட்டை விட்டு வெளியே போனால் பரக்கத்தும் செழிப்பும் கூடவே போய்விடும் என்பது மாமியின் கணக்கு. எங்கள் ஊரிலும் அதுதான் வழக்கம். என் தாயாரும் அந்த நேரத்தில் உப்பு என்ற சொல்லைக்கூட வாயில் எடுக்க மாட்டார். அதனால் எனக்கு அது விசித்திரமாகவே படவில்லை. மாமியின் மற்றச் சட்டதிட்டங்களைத்தான் என்னால் சகிக்க முடிந்ததில்லை. குழம்பு கொதிக்கும்போது நான் கரண்டியைத் தூக்கினால் ஒரு பேச்சு, தூக்காவிட்டால் ஒரு பேச்சு. ஆனால் உப்பு விஷயத்தில் நாங்கள் இருவரும் ஒரே கட்சி.

என் வீட்டுக்காரருக்கு மாட்டுத் தொழில். பாலுக்கும் வண்டிக்கும் இல்லை, கறிக்கு. எலும்பும் தோலுமாக வரும் காளைகளை வாங்கி, மாதக்கணக்கில் மேய்த்து, சதை போட வைத்து, பசாரில் கறிக்கடைக்காரர்களுக்குக் கொடுப்பார். என் மாமனார் காலத்திலிருந்தே ஹஜ்ஜுப் பெருநாளுக்கு எங்கள் பள்ளிவாசலில் குர்பானி கொடுக்கிற மாடெல்லாம் எங்கள் கொட்டகையிலிருந்துதான் போகும். வருஷம் முழுதும் கறிக்கடையில் கிடைப்பது வயிற்றுக்கு. பெருநாளில் கிடைப்பதுதான் பெயர். மாமனார் மௌத்தான பிறகு அந்தப் பெயரைத் தான் கெடுத்துவிடக் கூடாதே என்று இவருக்கு ஒரு பயம் உள்ளே இருந்துகொண்டே இருந்தது. வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். தூக்கத்தில் புரண்டு படுப்பதில் எனக்குத் தெரியும்.

எங்கள் பழைய மேய்ச்சல் நிலத்தில் வீடு கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். குருபோங் போகிற வழியில் வேறொரு நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்தார். நான் ஒருமுறை போய்ப் பார்த்தேன். முழங்கால் உயரத்துக்குப் பச்சைப் புல், பக்கத்திலேயே தண்ணீர். கொடுத்து வைத்த மாடுகள் என்று சொல்லிவிட்டு வந்தேன். என் வாய் முகூர்த்தமோ என்னவோ, அங்கே போன சில மாதங்களில் மாடுகள் இளைக்க ஆரம்பித்தன.

வயிறு முட்டத் தின்றுவிட்டுத்தான் வரும். ஆனாலும் நாளுக்கு நாள் முதுகெலும்பு மேலே வந்தது. மினுமினுப்பான ரோமம் சொரசொரவென்று நின்றது. கறுப்பாக இருந்த காளை ஒன்று செம்பட்டை அடித்துப்போனது. எல்லாவற்றையும்விட, அவை நக்கின நக்கல்தான் பார்க்கச் சகிக்கவில்லை. கொட்டகைத் தூணை நக்கும், மண்ணை நக்கும், கொடியில் காயும் சாரோங்கை இழுத்துச் சவைக்கும். என் நல்ல புடவை ஒன்றின் முந்தானை அப்படித்தான் போயிற்று. அன்று நான் போட்ட கூச்சலில் மாமியே வாயை மூடிக்கொண்டார்.

கண்ணேறு என்றார் மாமி. பள்ளிவாசல் லெப்பையைக் கூப்பிட்டு ஓதித் தண்ணீர் தெளித்தார்கள். பூச்சி என்றான் ஒரு வண்டிக்காரன். அதற்கும் மருந்து கொடுத்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. பெருநாள் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த வருஷமும் எல்லா மாடும் தன் கொட்டகையிலிருந்துதான் என்று பள்ளிவாசலில் இவர் வாக்குக் கொடுத்திருந்தார். குர்பானி மாடு எலும்பில் மஜ்ஜை வற்றிப்போகிற அளவு மெலிந்திருக்கக் கூடாது, நொண்டியாக இருக்கக் கூடாது. இது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். மாடுகள் தேறாவிட்டால் பள்ளிவாசல் வேறு வியாபாரியிடம் போகும். ஒருமுறை போனால் திரும்பி வராது. அந்தப் பெருநாள் மாட்டை நம்பித்தான் இவர் குத்தகையே பேசியிருந்தார்.

அப்போதுதான் மாட்டு டாக்டர் வந்தார். வெள்ளைக்காரர், சிவந்த முகம், சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும். மாடுகளைத் தொட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, முன்னங்காலுக்குப் பின்னால் நாடாவைச் சுற்றி மார்பளவு எடுத்தார். அதிலிருந்தே எடை தெரிந்துவிடுமாம். அவரோடு வந்த தமிழ் ஆள் எங்களுக்கு எடுத்துச் சொன்னார். புல்லில் குறையில்லை, மண்ணில்தான் ஏதோ இல்லை. மண்ணில் இல்லாதது புல்லில் ஏறாது, புல்லில் இல்லாதது மாட்டுக்குச் சேராது. நகக்கண்ணில் ஒட்டுகிற அளவுதான் அதற்கு ஒரு நாளைக்கு வேண்டும். அந்தத் துளி இல்லாவிட்டால் மலையளவு தின்றாலும் உடம்பில் ஒட்டாது.

அதற்கு மருந்து ஓர் உப்புக்கட்டி. செங்கல் நிறம், செங்கல் பருமன். அந்தத் துளிச் சத்தையெல்லாம் உப்போடு சேர்த்து இறுக்கியிருக்கிறார்கள். மாடு தானாக நக்கிக்கொள்ள வேண்டியதுதான். பகலெல்லாம் மாடுகள் மேய்ச்சலில் கிடப்பதால், இரவு முழுதும் கட்டி கொட்டகையில் இருக்கட்டும் என்று டாக்டர் இவரிடம் அழுத்திச் சொல்லிவிட்டுப் போனார். மாமியிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மாட்டுச் சமாசாரத்தைப் பெண்களிடம் யார் சொல்வார்கள்?

பசாரில் இவரைக் கேலி செய்தார்கள். மாட்டுக்குச் செங்கல் போடுகிறான், அடுத்தது ஓடு போடுவான் என்றார்கள். இவர் கொட்டகை மூலையில் ஒரு மரப்பெட்டியை அடித்து, அதற்குள் கட்டியை வைத்தார். இவ்வளவு நம்பிக்கையோடு இவர் எதையும் செய்து நான் பார்த்ததில்லை. அன்று சாப்பிடும்போது, பெருநாள் முடிந்ததும் என் முந்தானைக்குப் பதிலாகப் புதுப் புடவையே எடுத்துத் தருவதாகச் சொன்னார். கேட்காமலே சொன்னார்.

அந்தக் கூட்டத்தில் ஒரு காளைக்குக் காலில் அடிபட்டிருந்தது. நடக்க முடியாமல் பகலிலும் கொட்டகையிலேயே கிடக்கும். பாவமாக இருக்கும். சோறு வடித்த கஞ்சியில் தவிட்டைக் கலந்து நான் அதற்குக் கொண்டுபோய் வைப்பேன். குடித்துவிட்டு, மரப்பெட்டியில் தலையை விட்டு, வறட் வறட்டென்று உப்பை நக்கும். ஒரு மாதத்துக்குள் அதன் மேனி திரும்பிவிட்டது. விலா மறைந்தது, ரோமம் படிந்து பளபளத்தது. என் கஞ்சியின் மகிமை என்று தெருவெல்லாம் பெருமையடித்துக்கொண்டேன். டாக்டர் வந்து அளந்து பார்த்துவிட்டு, நடக்காத மாடு சதை போடத்தான் செய்யும் என்றாராம். எனக்குக் கோபம் வந்தது. கஞ்சியை ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்?

மற்ற மாடுகள் தேறவில்லை. உப்புக்கட்டி என்னவோ கரைந்துகொண்டுதான் வந்தது. நக்கின பள்ளம் நடுவில் வழவழவென்று தெரிந்தது. டாக்டர் குனிந்து அந்தப் பள்ளத்தைத் தடவிப் பார்த்தார். உப்பு போகிறது, மாடு இளைக்கிறது, அப்படியானால் இந்தப் பக்கத்துக் குறை வேறு ஏதோ என்று சொல்லிவிட்டார். அவர் மேல் குற்றமில்லை. பகலில் வந்தார், பகலில் கண்டதைச் சொன்னார்.

பெருநாளுக்குச் சில நாள் இருக்கும்போது பள்ளிவாசலிலிருந்து லெப்பையும் இரண்டு பெரியவர்களும் மாடு பார்க்க வந்தார்கள். இவர் விடியலிலேயே எல்லா மாட்டையும் தேய்த்துக் குளிப்பாட்டியிருந்தார். குளிப்பாட்டினதில் எலும்பு இன்னும் நன்றாகத்தான் தெரிந்தது. நான் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தேன். லெப்பை நல்ல மனுஷர், என் மாமனாரோடு பழகியவர். ஒவ்வொரு மாட்டின் முதுகிலும் கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். ஏதாவது ஒன்றையாவது சரி என்று சொல்ல முடியாதா என்று அவர் தேடுவது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. கடைசியில் நொண்டிக்காளையிடம் வந்தார்.

"இது ஒண்ணுதான் தம்பி மாடா இருக்கு," என்றார். "இதுவும் நொண்டியாப் போச்சே."

இவர் தலையை ஆட்டினார். வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் கொண்டுவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. நான் தேத்தண்ணீரைக் கலக்கிக் கொடுத்தனுப்பினேன். அவர்கள் குடித்துவிட்டு, மரியாதையாகப் பேசிவிட்டுப் போனார்கள். அந்த வருஷக் குர்பானி மாடுகள் உஜோங் பாசிர்ப் பக்கத்து வியாபாரி ஒருவரிடமிருந்து வந்தன. பெருநாள் தொழுகைக்கு இவர் எல்லாருக்கும் பின்னால் போய், எல்லாருக்கும் முன்னால் திரும்பி வந்தார்.

குத்தகையைத் தொடர வழியில்லை. மாடுகளை மொத்தமாக ஒரு தரகரிடம் தள்ளிவிட்டார். அவை ஓட்டிக்கொண்டு போகப்பட்ட அன்று நொண்டிக்காளைதான் கடைசி. என்னைப் பார்த்ததும் கஞ்சிச் சட்டி வருகிறதென்று நின்றுவிட்டது. தரகரின் ஆள் வாலை முறுக்கினான். இவர் அவனைத் தடுத்து, தானே கயிற்றைப் பிடித்து, காளையின் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு, முச்சந்தி வரை கூட்டிக்கொண்டு போய்விட்டுவிட்டு வந்தார். நான் உள்ளே போய் அழுதேன். கறி மாட்டுக்கு யாராவது அழுவார்களா என்று மாமி கேட்டார். கேட்டுவிட்டு அவரும் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

சில நாள் கழித்து, மாட்டு டாக்டரின் தமிழ் ஆள் சைக்கிளில் வந்தார். மாடுகள் இல்லாததால் மீதியிருக்கும் உப்புக்கட்டிகளை வேறு யாருக்காவது கொடுக்கலாம் என்று டாக்டர் எடுத்துவரச் சொன்னாராம். வேறு எங்கெல்லாமோ சுற்றிவிட்டு எங்கள் வீட்டுக்கு வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. இவர் அப்போதுதான் மஃரிப் தொழுதுவிட்டு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். வாசலில் மாமிதான் பேசினார்.

"விளக்கு வச்சாச்சு தம்பி. உப்பு இனி வெளியே போகாது. காலையில வாங்க."

கொட்டகையில் கிடக்கிற மாட்டு உப்புதானே, தானே போய் எடுத்துக்கொள்கிறேன் என்றார் அவர். கொட்டகையில் இல்லை, தன் அறைக்குள்ளே இருக்கிறது என்றார் மாமி. இவர் சட்டையைக் கையில் பிடித்தபடியே வாசலுக்குப் போனார்.

"உள்ளே ஏன் உம்மா இருக்கு?"

"வேற எங்கே இருக்கும்? விளக்கு வைக்கிற நேரத்துல உப்பு வெளியே கிடக்கலாமா? நான்தானே தினமும் எடுத்து வந்து வைக்கிறேன். விடிஞ்சதும் திரும்பப் பெட்டியில போட்டுருவேன். நீ ஆம்பளை, உனக்கு இதெல்லாம் எங்கே தெரியுது."

மாமி அதைக் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னார். மகனுடைய கஷ்டகாலத்தில் வீட்டின் பரக்கத்தைத் தான் கட்டிக் காத்ததாக அவருக்கு நினைப்பு.

எனக்கு முதலில் விளங்கவில்லை. இவர் முகத்தைப் பார்த்தபோதுதான் ஒவ்வொன்றாகத் தைத்தது. மாடுகள் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் மேய்ச்சலிலிருந்து திரும்பும். இவர் அவற்றைக் கட்டிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார். சுபுஹு தொழுதுவிட்டு வந்து, வெளிச்சம் வரும்போது அவிழ்த்து ஓட்டிக்கொண்டு போவார். இடையில் கொட்டகைக்குப் போனாலும் கயிறும் கொசுவுக்குப் போட்ட புகைமூட்டமும் சரியாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். அந்த மாடுகள் ஓர் இரவுகூட அந்த உப்பை நக்கவில்லை. பகலில் கொட்டகையில் கிடந்தது நொண்டிக்காளை ஒன்றுதான். அந்தப் பள்ளம் முழுதும் அதன் நாக்கு. என் கஞ்சியும் இல்லை, அதன் ஓய்வும் இல்லை. டாக்டர் சொன்ன மருந்து சொன்னபடியே வேலை செய்திருக்கிறது, அது கிடைத்த ஒரே மாட்டுக்கு.

இவர் அந்த ஆளிடம், உம்மா சொல்கிறபடி காலையில் வாருங்கள் என்றார். பிறகு விளக்கில்லாமல் கொட்டகைக்குப் போய்க் காலி மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். நான் குழந்தையோடு போய் நின்றேன். என் உடம்பெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. இப்போதே போய் மாமியிடம் கேட்கப்போகிறேன் என்றேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"சொல்லாதே புள்ள. உம்மா தாங்க மாட்டாங்க."

காலையில் அந்த ஆள் வந்தபோது, மாடுகள் இரவில் உப்பு நக்கவில்லை, டாக்டரிடம் இதை மட்டும் எப்படியாவது சொல்லுங்கள் என்று இவர் கேட்டுக்கொண்டார். எப்படி நக்காமல் போயிற்று என்று அவர் கேட்டதற்கு, வைக்க மறந்துவிட்டேன் என்றார். அந்த ஆள் இவரைப் பார்த்த பார்வையை நான் இன்றுவரை மறக்கவில்லை. டாக்டரை வேறு ஊருக்கு மாற்றியாகிவிட்டது, அடுத்த வாரம் கப்பலேறுகிறார் என்று சொல்லிவிட்டு, கட்டிகளைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு இவர் மாடு பிடிக்கவேயில்லை. பண்டார் ஹிலிரில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் மூட்டை நிறுக்கிற வேலைக்குப் போனார். கொட்டகையைப் பிரித்து விறகாக்கினோம். மாமிக்கு மட்டும் ஆறவில்லை. வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம், அந்த வெள்ளைக்காரன் செங்கல்லைக் கொடுத்து என் மகனை நாசம் பண்ணிவிட்டான் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். இவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஆமாம் உம்மா என்பார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். எத்தனையோ முறை சொல் நாக்கு நுனி வரை வந்திருக்கிறது. மாமி என்னைப் படுத்திய பாட்டுக்கு அந்த ஒரு வார்த்தையால் ஈடு கட்டியிருக்கலாம். ஒவ்வொரு மஃரிபுக்குப் பின்னும் அவர் கையேந்தி, என் மகனுக்கு விட்டுப்போனதையெல்லாம் திரும்பக் கொடு என்று அழுவதைப் பார்ப்பேன். சொல் உள்ளேயே இறங்கிவிடும்.

ஜப்பான்காரன் வருவதற்குக் கொஞ்சம் முந்தி மாமி மௌத்தானார். கடைசி வரை அவருக்குத் தெரியாது. அடக்கம் முடிந்து, ஓதுகிறவர்கள் வந்துபோய்க்கொண்டிருந்த நாட்களில், ஒரு நாள் விளக்கு ஏற்றிய கையோடு நான் திரும்பினால் வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் பெண் நிற்கிறாள். முதல் நாள் மிளகாய்க்குச் சிரித்தவள்தான், அவளுக்கும் நரைத்துவிட்டது. வீட்டில் விருந்தாள் வந்துவிட்டார்களாம், காராம் இருக்கிறதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். மாமி இருந்திருந்தால் அந்த நேரத்தில் கேட்டிருக்க மாட்டாள். காலையில் வா என்று சொல்ல என் வாய் தானாகத் திறந்தது.

உள்ளேயிருந்து இவர் வந்தார். என்னைத் தாண்டி அடுப்படிக்குப் போனார். உப்பு ஜாடியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து, வேலிக்கு மேலாக அப்படியே அவளிடம் கொடுத்தார். வேண்டிய மட்டும் எடுத்துக்கொள், எந்த நேரமானாலும் வா என்று மலாயில் சொன்னார். அவள் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள்.

அவள் போன பிறகும் இவர் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொட்டகை இருந்த இடத்தில் நான் வாழை வைத்திருந்தேன். அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அந்த நொண்டி எவ்வளவு நல்லா இருந்துச்சு, இல்ல புள்ள?" என்றார்.

இத்தனை வருஷத்தில் அதைப் பற்றி அவர் பேசியது அப்போதுதான். பேசிவிட்டுத் தோள்துண்டை முகத்தில் அழுத்திக்கொண்டு, உடம்பு குலுங்க அழுதார். அடக்கத்தன்று கபருக்குள் இறங்கி உம்மாவைக் கிடத்தியபோதுகூட அழாதவர். முன்கூடத்தில் ஓத வந்திருந்தவர்கள் ஓடிவந்து, தாயைப் பறிகொடுத்தவனுக்கு இப்போதாவது அழுகை வந்ததே என்று முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். நான் உள்ளே போய், வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் வைத்தேன்.